சோப்பைப் பூட்டி வைத்த ஆறு வாரம்

இயந்திரம் அவளுக்குக் கைரேகை இல்லை என்றது.

முதலில் வலது கையின் நான்கு விரல்களையும் சேர்த்து வைக்கச் சொன்னார்கள். வைத்தாள். கண்ணாடித் தட்டுக்கு அடியில் பச்சை வெளிச்சம் ஒருமுறை ஓடிப்போய்த் திரும்பி வந்தது. 'மீண்டும் முயலவும்' என்று திரையில் எழுத்து வந்தது. இடது கை. மீண்டும் முயலவும். கட்டை விரல் இரண்டும். மீண்டும் முயலவும். விசா மையத்தின் கவுண்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பெண் மூக்குக் கண்ணாடியைச் சங்கிலி போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தாள். தட்டை ஒரு துணியால் துடைத்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் அழுத்துங்கம்மா" என்றாள். அழுத்தினாள். எண்பது கிலோ ஆளைக் கட்டிலில் ஒருக்களிக்கப் புரட்டிப் போட்ட கை அது. தட்டு உடைந்துவிடப் போகிறது என்று பயந்து, "போதும், போதும்" என்றாள் கவுண்டர் பெண்.

பத்து விரலில் தேறியது இடது சுண்டுவிரல் ஒன்றுதான்.

"என்ன வேலைம்மா பாத்தீங்க?"

"முதியோர் இல்லத்துல. வயசானவங்களைப் பாத்துக்கற வேலை. பத்தொன்பது வருஷம்."

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை கை கழுவியிருப்பீங்க?"

"ஒருத்தரைத் தொடறதுக்கு முன்னாடி ஒரு தடவை, தொட்டதுக்கு அப்புறம் ஒரு தடவை. என் மாடியில பதினோரு பேர். ஒவ்வொருத்தரையும் ஒரு நாளைக்கு நாலஞ்சு தடவையாவது தொடணும். நீங்களே பெருக்கிப் பாருங்க."

கவுண்டர் பெண் பெருக்கவில்லை. சோப்பும் ஸ்பிரிட்டும் ப்ளீச்சும் சேர்ந்தால் ரேகை தேயத்தான் செய்யும், கல் உடைக்கிறவர்களுக்கும் இப்படித்தான் ஆகும் என்றாள். பிறகு விதிமுறையைச் சொன்னாள். விரல் பதிவுக்கு மூன்று முறை வரலாம். மூன்றாவது முறையும் பதிவாகவில்லை என்றால் ஃபைலை மூடிவிடுவார்கள். அதற்கப்புறம் ஒரு வருஷம் கழித்துத்தான் புதிதாக விண்ணப்பிக்க முடியும்.

"ஒரு வருஷம் கழிச்சு எனக்கு அறுபது தாண்டிடுமே. அறுபதுக்கு மேல இந்த வேலைக்கு விசா கிடையாதே."

"அப்போ இன்னும் ரெண்டு தடவைதாம்மா. மூணு வாரம் கழிச்சு வாங்க. கையைப் பாத்துக்குங்க."

கையைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவளிடம் யாரும் சொன்னதே இல்லை. மற்றவர்களின் கையைத்தான் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

*

அவள் பிறந்த வீட்டில் பெண்கள் இரண்டு பேர், பெரியவள், சின்னவள். ஐம்பத்தொன்பது வயதாகியும் இவள் பெரியவள்தான். ஐம்பத்தைந்து வயதாகியும் தங்கை சின்னவள்தான். பெரியவளுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷத்தில் புருஷன் காலமானார். பிள்ளை இல்லை. அதைப் பற்றி அவள் அதிகம் பேசுவதில்லை. வருத்தத்தால் அல்ல, பேச நேரம் இருந்ததில்லை. நோயாளிகளைப் பராமரிக்கும் பயிற்சியை முடித்து, முப்பத்தொன்பதாவது வயதில் ஒரு பெட்டியுடன் வெளிநாட்டு நகரம் ஒன்றுக்குப் போனாள். போன முதல் வாரம் அழுதாள். இரண்டாவது வாரம் மழைக்கோட்டு வாங்கினாள். மூன்றாவது வாரம் அந்த ஊரை அவளுக்குப் பிடித்துப்போயிற்று.

எப்படிப் பிடித்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. முதியோர் இல்லத்தின் சலவை அறை தரைக்குக் கீழே இருந்தது. அதன் ஜன்னல் சரியாக நடைபாதை மட்டத்தில். துணி மடிக்கும்போது நிமிர்ந்து பார்த்தால் தெருவில் போகிறவர்களின் கால்கள் மட்டும் தெரியும். சிவப்பு பூட்ஸ் போட்ட ஒருத்தி தினமும் எட்டரை மணிக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது ஓடுவாள். ஒரு காலில் கறுப்பு, ஒரு காலில் பழுப்பு என்று லேஸ் கட்டியவர் ஒருவர் நிதானமாகப் போவார். இவர்கள் யார் முகத்தையும் பெரியவள் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. ஆனால் சிவப்பு பூட்ஸ் ஒரு நாள் வராவிட்டால் மனசு கேட்காது.

அப்புறம் எட்டாம் நம்பர் டிராம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு முனையில் ஏறி மறு முனை வரைக்கும் போய், இறங்காமல் அதே ஜன்னலோரம் உட்கார்ந்து திரும்பி வருவாள். நாற்பத்தாறு வயதில் நகராட்சிக் குளத்தில் நீச்சல் கற்றுக்கொண்டாள். சாவி வெட்டும் கடைக்கு மேலே ஒரு அறை, அதில் ஒரு கட்டில், ஒரு அடுப்பு, கீழேயிருந்து வரும் உலோகச் சத்தம். அந்த அறையின் சாவி இன்னும் அவள் கைப்பையில் இருந்தது. கடைக்காரர், "நீ வர்ற வரைக்கும் என் பழைய மெஷினை அதுல போட்டு வைக்கறேன், வந்ததும் எடுத்துடறேன்" என்று எழுதியிருந்தார்.

திரும்பி வந்தது சின்னவளால். பரண் மேலிருந்த பெட்டியை எடுக்க நாற்காலி மேல் ஏறி, விழுந்து, இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். பெரியவள் மூன்று மாத விடுப்பில் ஓடி வந்தாள். நடக்க வைத்தாள். நடக்க ஆரம்பித்த உற்சாகத்தில் சின்னவள் குளியலறையில் இன்னொரு முறை விழுந்தாள். மறுபடி முதலிலிருந்து. பதினான்கு மாதம் ஓடிவிட்டது. ஒரு வருஷத்துக்கு மேல் வெளியே இருந்தால் வேலை அனுமதி காலாவதி என்பது அந்த நாட்டுச் சட்டம். இல்லத்தின் மேட்ரன் தங்கமானவள், இடத்தை வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தாள். ஆனால் விசாவை மேட்ரன் கொடுக்க முடியாதே.

அன்று விசா மையத்திலிருந்து வீடு திரும்பியதும் சின்னவளின் புருஷன் வாசலிலேயே கேட்டார். முப்பத்தொரு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவே அவரைக் கண்டக்டர் என்றுதான் கூப்பிடும், பெண்டாட்டி உட்பட. தோல் பையை மட்டும் இன்னும் விடவில்லை. வீட்டுக்குள்ளேயே தோளில் மாட்டிக்கொண்டு நடப்பார்.

"என்ன அண்ணி, பாஸா?"

"ஒரு விரல் பாஸ். ஒன்பது விரல் ஃபெயில்."

"அங்க அப்படி என்னதான் இருக்கு அண்ணி? இந்த வயசுல இத்தனை அலைச்சல்?"

"எட்டாம் நம்பர் டிராம் இருக்கு."

"டிராமுக்காகவா! நான் முப்பத்தொரு வருஷம் பஸ்ல போனேன். ரிட்டையர் ஆன அன்னிக்கு இறங்கி, திரும்பிக்கூடப் பாக்கலை."

"நீங்க டிக்கெட் கிழிச்சீங்க. நான் ஜன்னலோரம் உக்காந்தேன்."

சின்னவள் உள்ளேயிருந்து கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்தாள். அவளுக்கு அக்கா ஃபெயில் ஆனதில் ஏற்பட்ட சந்தோஷத்தை மறைக்கத் தெரியவில்லை. "விடுக்கா. எல்லாம் நல்லதுக்குத்தான். அங்க உனக்கு முடியாமப் போச்சுன்னா யாரு பாப்பா?"

"முடியாமப் போனவங்களைப் பாக்கற வீட்லதானே வேலை பாக்கறேன். எந்தக் கட்டிலுக்கு வெயில் வரும், எந்தக் கட்டில் கிரீச்சிடும்னு எனக்குத் தெரியும். நல்லதாப் பாத்துப் பிடிச்சுக்குவேன்."

"பேச்சைப் பாரு. எங்களையெல்லாம் கை கழுவிட்டுப் போறதுன்னே முடிவு பண்ணிட்டா."

"கழுவக்கூடாதாம்" என்றாள் பெரியவள். "மூணு வாரத்துக்கு."

*

மறுநாள் காலையில் அவள் தன் விரல்களுக்குப் பராமரிப்புத் திட்டம் எழுதினாள். இல்லத்தில் புதிதாக ஒருவர் வந்து சேர்ந்தால் எழுதுகிற மாதிரியே. நோயாளி: விரல்கள், ஒன்பது. பிரச்சினை: தோல் வறட்சி, ரேகை தேய்வு. இலக்கு: மூன்று வாரத்தில் பதிவு. காலையும் மாலையும் வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிடம், பிறகு ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. ஈரம் காய்வதற்குள் கிளிசரின். மேலே பருத்திக் கையுறை. பாத்திரம், துணி, தரை மூன்றும் தடை. கீழே 'பொறுப்பு' என்று எழுதி, தங்கை மகளிடம் கையெழுத்து வாங்கி ஃபிரிட்ஜில் ஒட்டினாள்.

தங்கை மகளுக்கு வீட்டில் வக்கீல் என்று பெயர். படித்து வாங்கிய பட்டம் இல்லை, நாலு வயதிலிருந்து எதிர்வாதம் பண்ணியதற்காக வைத்த பட்டப்பெயர். காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. படிவம் என்றால் அவளுக்கு வெல்லம். பெரியவளின் விசா ஃபைலை மூன்று வண்ண அட்டைகளில் பிரித்துக் கட்டியவள் அவள்தான்.

முதல் நாள் வக்கீல் ஒரு நோட்டில் கோடு போட்டாள். பெரியம்மா தன்னை அறியாமல் எத்தனை முறை கை கழுவப் போகிறாள் என்ற எண்ணிக்கை. மதியத்துக்குள் பதினொரு கோடு.

"பெரியம்மா, இப்ப எதுக்குக் கழுவினீங்க?"

"உங்கம்மாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தேன்."

"சரி. அதுக்கு முன்னாடி?"

"மாத்திரை எடுக்கப் போறேனே."

வக்கீல் வீட்டிலிருந்த சோப்பையெல்லாம் திரட்டினாள். குளியல் சோப்பு, துணி சோப்பு, பாத்திரம் விளக்கும் சோப்பு, கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த சானிடைசர் பாட்டில். எல்லாவற்றையும் கண்டக்டரின் தோல் பையில் போட்டுப் பூட்டினாள். கழிப்பறைக்குப் போய் வந்தால் மட்டும் குழந்தைகளுக்கான மெல்லிய சோப்பு ஒரு வில்லை உண்டு. அதையும் கண்டக்டரிடம் கேட்டு வாங்க வேண்டும். முப்பத்தொரு வருஷ உத்தியோகம் ஒரே நாளில் திரும்பக் கிடைத்த மகிழ்ச்சி கண்டக்டருக்கு.

"சோப்பு ஒண்ணு கொடுங்க."

"எங்க போகணும்?"

"எங்க போயிட்டு வந்தேன்னு தெரியாதா? கொடுங்க மாப்பிள்ளை."

"சில்லறையா வாங்கிக்கணும் அண்ணி. முழுசாத் தர மாட்டேன்."

பெரியவள் கை கட்டி உட்கார்ந்தால் வீட்டில் வேலை யார் செய்வது? சின்னவள்தான். பதினான்கு மாதமாக எல்லாம் அக்கா கையில் நடந்து பழகிவிட்டது. இப்போது நின்றுகொண்டு பாத்திரம் விளக்க வேண்டியிருந்தது. "நல்லா இடுப்பை நிமிர்த்தி நில்லு. கால் ரெண்டுலயும் பாரத்தைச் சமமாப் போடு. இது உடற்பயிற்சின்னு நினைச்சுக்கோ" என்று கையுறையோடு நாற்காலியில் உட்கார்ந்து பெரியவள் உத்தரவு போட்டாள். சின்னவள் முணுமுணுத்துக்கொண்டே விளக்கினாள். பத்தாம் நாள் கைத்தடி சுவரில் சாய்ந்து கிடந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை, பெரியவளைத் தவிர. அவளும் சொல்லவில்லை, பார்த்து வைத்துக்கொண்டாள்.

ஆனால் ஒரு விஷயம் நடந்தது. கைகழுவும் தொட்டி விளிம்பில் அடிக்கடி ஒரு சோப்பு முளைத்தது. எடுத்தால் மறுநாள் இன்னொன்று. வக்கீல் துப்புத் துலக்கினாள். குற்றவாளி அம்மா.

"ஏம்மா இப்படிப் பண்ற?"

"வீடுன்னா சோப்பு இல்லாம எப்படி? நாலு பேர் வந்து போற இடம்."

நாலு பேரும் வரவில்லை, போகவில்லை. எல்லோருக்கும் காரணம் தெரியும். பெரியவள் தங்கையைத் திட்டவில்லை. சோப்பை எடுத்துக் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டு, "இவளுக்கும் ஒரு திட்டம் எழுதணும்" என்று மட்டும் சொன்னாள்.

மூன்றாவது வாரக் கடைசியில் வக்கீல் மை அட்டை கொண்டுவந்து வெள்ளைத் தாளில் விரல்களை உருட்டிப் பார்த்தாள். ஏழு விரலில் கோடு தெரிந்தது. சுருள் சுருளாக, கிராமபோன் தட்டு மாதிரி. பெரியவள் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தாள். அந்த ஊருக்கு முதன்முதலில் போனபோது கொண்டுபோன விரல்கள் திரும்பி வந்திருந்தன.

*

இரண்டாவது முறை வக்கீலும் அவளும் மட்டும் போனார்கள். டோக்கன் அறுபத்து மூன்று. அவர்கள் முறைக்கு இன்னும் நாலு பேர் இருந்தார்கள். பெரியவள் கையுறையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, விரல்களை எதன் மீதும் படாமல் விரித்து வைத்திருந்தாள், புதிதாக நகப்பூச்சு போட்டவள் மாதிரி.

முன் வரிசையில் ஒரு வயதானவர் மகளுடன் உட்கார்ந்திருந்தார். நல்ல உயரம், இஸ்திரி போட்ட சட்டை. அவருடைய பின்கழுத்து வியர்ப்பதைப் பெரியவள் பார்த்தாள். காது மடல் வெளுப்பதைப் பார்த்தாள். மனசுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணினாள். மூன்று எண்ணுவதற்குள் மனிதர் நாற்காலியிலிருந்து மெதுவாக வழிய ஆரம்பித்தார்.

மகள் "அப்பா!" என்று கத்தினாள். அதற்குள் பெரியவள் எழுந்துவிட்டாள். சுவரில் சானிடைசர் குடுவை இருந்தது. கை அதன் அடியில் தானாகப் போனது. இரண்டு அழுத்து. உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, கட்டை விரல், நகக்கண். தேய்த்துக்கொண்டே போய் அவரைப் பிடித்துத் தரையில் கிடத்தி, காலைத் தூக்கி நாற்காலி மேல் வைத்து, சட்டையின் மேல் பொத்தானை அவிழ்த்து, "காலையில என்ன சாப்பிட்டார்?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமே சாப்பிடலை. பயத்துல."

"டீ கொண்டு வரச் சொல்லுங்க. நாலு ஸ்பூன் சர்க்கரை. நல்லா முழிச்சுக்கிட்டாத்தான் கொடுக்கணும், அதுக்கு முன்னாடி வாயில எதுவும் ஊத்தாதீங்க."

பத்து நிமிஷத்தில் பெரியவர் உட்கார்ந்து டீ குடித்தார். ஹாலில் நாலு பேர் கைதட்டினார்கள். அவள் நேராகக் கழிப்பறைக்குப் போய், சோப்பு போட்டு, முழங்கை வரை, முறைப்படி கழுவி, சூடான காற்று அடிக்கும் பெட்டிக்கு அடியில் ஈரம் சொட்டுக்கூட இல்லாமல் காய வைத்துக்கொண்டு வந்தாள். டோக்கன் அறுபத்து மூன்று.

தட்டில் விரலை வைத்தபோதுதான் அவளுக்கு உறைத்தது.

மீண்டும் முயலவும். மீண்டும் முயலவும். தோல் தாளாகக் காய்ந்து கிடந்தது. சுண்டுவிரல்கூட வரவில்லை.

வக்கீல் பஸ் நிறுத்தம் வரைக்கும் விறுவிறுவென்று முன்னால் நடந்தாள். அப்புறம் வெடித்தாள். "பெரியம்மா, அந்த மனுஷனைக் காப்பாத்தினது சரி. ஒத்துக்கறேன். ஆனா கை கழுவினது எதுக்கு? அதுவும் ரெண்டு தடவை!"

"ஒருத்தரைத் தொட்டுட்டு கழுவாம எப்படிடி இன்னொண்ணைத் தொடறது?"

"அந்த இன்னொண்ணு மெஷினு!"

பெரியவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. பஸ் நிறுத்தத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. அதைத் துடைக்கக் கையைத் தூக்கிவிட்டு, முகத்தைத் தொடக்கூடாது என்பது ஞாபகம் வந்து, தோள்பட்டையால் துடைத்துக்கொண்டாள். வக்கீல் அதைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

கவுண்டர் பெண் இரக்கமுள்ளவள். மயங்கி விழுந்த பெரியவருக்கும் அன்று பதிவு நடக்கவில்லை. இருவருக்கும் மூன்று வாரம் கழித்து ஒரே நாளில் தேதி போட்டுக் கொடுத்திருந்தாள்.

*

அந்த வாரம் மேட்ரன் போன் பண்ணினாள். ஆறாம் அறை அம்மாள் தினமும் கேட்கிறாளாம், துணியைச் சரியாக மடிக்கிறவள் எப்போது வருவாள் என்று. அடுத்த மாதக் கடைசி வரைக்கும் இடத்தைப் பிடித்து வைக்க முடியும், அதற்கு மேல் மேலிடம் விடாது என்றாள். பெரியவள் "வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டு போனை வைத்தாள். பிறகு ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள். கையுறை போட்ட கைகள் மடியில் கிடந்தன. சாப்பிடக் கூப்பிட்டதற்கு, பசியில்லை என்றாள்.

சின்னவள் அக்காவை அப்படிப் பார்த்ததில்லை. அக்கா சும்மா உட்கார்ந்தே பார்த்ததில்லை. பக்கத்தில் போய் நின்றாள்.

"மூணாவது தடவையும் வரலைன்னா?"

"வரலைன்னா இங்கதான். உனக்கு ஜாலிதானே?"

சின்னவள் சமையலறைக்குள் போனாள். அடுப்புக்குப் பின்னாலும் அரிசி டப்பாவுக்குள்ளேயும் ஒளித்து வைத்திருந்த மூன்று சோப்புகளை எடுத்து வந்து கண்டக்டர் முன்னால் வைத்தாள்.

"பையில போடுங்க. அப்புறம், அடுத்த தடவை நானும் போறேன். உங்க எல்லாரையும் நம்பி இவளை அனுப்ப முடியாது."

"அரிசி டப்பாவுலயா!" என்றார் கண்டக்டர். "அதான் ரெண்டு நாளா சோறு நுரைக்குதேன்னு பாத்தேன்."

*

மூன்றாவது முறை குடும்பமே போனது. கண்டக்டர் பஸ்ஸில் அண்ணிக்கு ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்தார். பதிவோடு புகைப்படமும் எடுப்பார்கள், போன தடவை முகம் மினுமினுத்தது என்று சொல்லி வக்கீல் பெரியம்மாவின் முகம் முழுக்கப் பவுடர் போட்டிருந்தாள். கையுறையை மணிக்கட்டில் நாடா வைத்துக் கட்டியவள் சின்னவள். அதுவும் அக்காவிடம் கற்றதுதான். கட்டுப் போட்ட இடத்தைப் பிய்த்துக்கொள்கிற நோயாளியைத் திட்டக்கூடாது, கைக்கு வேறு வேலை கொடுக்க வேண்டும். அதனால் ஒரு துண்டை மடித்து அக்காவின் கையில் கொடுத்து, "பிடிச்சுக்கோ" என்றாள். பெரியவள் பிடித்துக்கொண்டாள். பிடித்த துண்டை அவிழ்த்து, சரியாக மடித்தாள். மறுபடி அவிழ்த்து மடித்தாள்.

ஹாலில் அந்த உயரமான பெரியவர் இருந்தார். இவளைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டார். எழுந்த வேகத்தில் அவர் நிறம் மாறியது.

"காலையில சாப்பிட்டாரா?" என்று பெரியவள் இங்கிருந்தே கேட்டாள்.

மகள் பாவமாகத் தலையாட்டினாள். "சாப்பிட மாட்டேன்னுட்டாரு. இன்னிக்கும் பயம்."

பெரியவர் வழிய ஆரம்பித்தார். பெரியவள் எழப் போனாள். ஒரு கைத்தடி அவள் மடிக்குக் குறுக்கே வந்து விழுந்தது.

"உக்காரு" என்றாள் சின்னவள். "வாயால சொல்லு. நாங்க பண்றோம்."

பெரியவள் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தாள். ஆனால் குரல் நிதானமாக வந்தது. "மாப்பிள்ளை, அக்குளுக்குக் கீழ கை கொடுங்க. இழுக்காதீங்க, தாங்குங்க. சின்னவளே, முட்டியை மடக்கித் தூக்கு, இடுப்பை வளைக்காதே. சொல்றேன்ல, முட்டியை! காலை நாற்காலி மேல வை. வக்கீலு, டீ, நாலு ஸ்பூன். நீங்கம்மா, சங்கிலி போட்டவங்க, அந்த ஃபேனை இந்தப் பக்கம் திருப்புங்க." கவுண்டர் பெண் எழுந்து போய் ஃபேனைத் திருப்பினாள். நாடா கட்டிய இரண்டு வெள்ளைக் கைகளால் இசைக்குழுவை நடத்துகிற மாதிரி பெரியவள் ஹாலையே ஆட்டி வைத்தாள். சின்னவள், பதினைந்து மாதத்துக்கு முன் கட்டிலில் தானாகத் திரும்பிப் படுக்க முடியாமல் கிடந்தவள், வளர்ந்த ஆணின் கால்கள் இரண்டையும் தூக்கி வைத்துவிட்டு, நிமிர்ந்து மூச்சு வாங்கினாள். முகமெல்லாம் வியர்வை வழிந்தது.

டோக்கன் நாற்பத்தொன்று.

வலது கை நான்கு விரல்: பச்சை டிக். இடது கை நான்கு விரல்: பச்சை டிக். இடது கட்டை விரல்: டிக். வக்கீல் மூச்சு விடவில்லை. வலது கட்டை விரல்: மீண்டும் முயலவும்.

ஒரு விரலுக்கு ஐந்து முயற்சி. இரண்டு போயிற்று. மூன்று போயிற்று. நான்காவதும் போயிற்று.

"இன்னும் ஒண்ணுதாம்மா" என்றாள் கவுண்டர் பெண். குரலைத் தாழ்த்தி, "நாங்க எல்லாருக்கும் சொல்றதுதான், விரலை உங்க நெத்தியில நல்லாத் தேச்சுட்டு வைங்க. அந்த எண்ணெய்ப் பசையில கோடு தெரியும்" என்றாள்.

பெரியவள் கட்டை விரலைத் தூக்கினாள். நெற்றி முழுக்கப் பவுடர். எண்ணெய்ப் பசையாவது ஒன்றாவது. வக்கீல் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"என் நெத்தி இருக்கே" என்றாள் சின்னவள்.

கைத்தடி இல்லாமலேயே நடந்து வந்து அக்காவுக்கு முன்னால் நின்று குனிந்தாள். "அந்த மனுஷனைத் தூக்கி வியர்வையும் எண்ணெயுமா நிக்கறேன். தேச்சுக்கோ. சீக்கிரம், காஞ்சுடும்."

பதினான்கு மாதம், தினமும் காலையில், காய்ச்சல் இருக்கிறதா என்று பெரியவள் புறங்கை வைத்துப் பார்த்த நெற்றி. இப்போது கட்டை விரலை வைத்தாள். இந்தப் புருவத்திலிருந்து அந்தப் புருவம் வரைக்கும் அழுத்தித் தேய்த்தாள். சின்னவள் கண்ணை மூடி நின்றாள். விரலை எடுத்ததும் பெரியவளின் கை, கவுண்டர் ஓரத்திலிருந்த சானிடைசர் பக்கம் திரும்பியது.

"அக்கா!" "அண்ணி!" "பெரியம்மா!"

கை நின்றது. பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக, ஒருவரைத் தொட்ட விரலைக் கழுவாமல் அவள் தட்டின் மேல் வைத்தாள்.

பச்சை வெளிச்சம் போனது. வந்தது. டிக்.

ஹாலில் முதலில் கைதட்டியவர் தரையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த பெரியவர். கவுண்டர் பெண் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தாள். சின்னவள் மூக்கை உறிஞ்சினாள். அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பார்க்கப் பெரியவளுக்கு அவகாசம் இல்லை. இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு மாப்பிள்ளையைத் தேடினாள்.

"சோப்பு! சோப்பைக் கொடுங்க!"

கண்டக்டர் தோல் பையை நிதானமாகத் திறந்தார். ஆறு வாரமாகக் காவல் காத்த கட்டிச் சோப்பை, காகிதம் பிரிக்காமல், முழுசாக எடுத்தார். கொடுக்கவில்லை.

"எங்க போகணும்?"

"எட்டாம் நம்பர்" என்றாள் பெரியவள். "கடைசி ஸ்டாப்."

*

விசா பதினாறு நாளில் வந்தது. மேட்ரன் சொன்ன கெடுவுக்கு நான்கு நாள் முன்னதாக அவள் போய்ச் சேர்ந்தாள். சாவி வெட்டுகிறவர் மெஷினை எடுக்க மறந்துபோயிருந்தார். அன்றைக்கு அவள் அதன் மேலேயே சட்டையைக் காய வைத்துக்கொண்டாள்.

ஊரில், தங்கை வீட்டு ஃபிரிட்ஜில் புதிதாக ஒரு பராமரிப்புத் திட்டம் ஒட்டியிருக்கிறது. நோயாளி: சின்னவள். காலையில் அரை மணி நடை. நாற்காலி மேல் ஏறத் தடை. பொறுப்பு: கண்டக்டர். நடை முடித்து வந்து அவள் அக்காவுக்குப் போன் பண்ண வேண்டும், அது கடைசி வரி.

முதல் வாரத்தில் ஒரு நாள் பெரியவள் சலவை அறையில் போனை அலமாரியில் சாய்த்து வைத்துவிட்டு விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள். சின்னவள் கேட்டாள்.

"ஏன்க்கா, அந்த சிவப்பு பூட்ஸ் இப்பவாவது நேரத்துக்குப் போறாளா?"

"இரு. மணி என்ன?" பெரியவள் ஜன்னலைப் பார்த்தாள். ஒரு ஜோடி கறுப்பு, ஒரு ஜோடி பழுப்பு, ஒரு குழந்தையின் மழைக்காலணி. பிறகு படபடவென்று சத்தம்.

"ஓடறா!" என்றாள். "புது பூட்ஸ் வாங்கியிருக்காடி. இதுவும் சிவப்புதான்."